போகலாமா, வேண்டாமா?



வங்கக் கடலில் உருவாகும் புயலை ஆங்கிலத்தில் 'சைக்ளோன்' என்கிறார்கள். அட்லாண்டிக் பெருங்கடலில் அதே போன்ற கடும் புயல் உருவானால் அதற்கு 'ஹரிகேன்' என்று பெயர். பெயர்தான் வேறு, இரண்டும் ஒன்றே. 2024ஆம் ஆண்டு 'ஹெலீன்' என்ற ஹரிகேன் அமெரிக்காவைத் தாக்கியது.

செப்டம்பர் 26 இரவு புளோரிடா மாநிலத்தில் கரையைக் கடந்த ஹெலீன், அதோடு ஓயவில்லை. மறுநாளே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, வட கரோலினா மாநிலத்தின் மலைப் பகுதியைப் புரட்டிப் போட்டது. 'கடலே இல்லாத மலையில் புயலுக்கு என்ன வேலை?' என்று கேட்கிறீர்களா? புயல் சுமந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும். அப்போது குளிர்ந்து, பெருமழையாகக் கொட்டும். அங்கே புயல் வருவதற்கு முன்பே நல்ல மழை பெய்து, மண் ஊறிக் கிடந்தது. அதனால் மலைச்சரிவுகள் இடிந்தன. ஆறுகள் கரை மீறின. அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்து போனார்கள்.

அந்த மலைகளின் நடுவே இருக்கிறது ஆஷ்வில் நகரம். புகழ்பெற்ற சுற்றுலாத் தலம். அக்டோபர் மாதத்தில் அங்கே மரத்து இலைகள் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக நிறம் மாறும். அதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். ஓட்டலில் வேலை செய்பவர்கள், கடைக்காரர்கள், ஓவியர்கள், மண்பாண்டம் செய்பவர்கள் ஆகியோருக்கு அதுதான் நல்ல வருமானம் தரும் காலம். சரியாக அந்தச் சமயத்தில்தான் வெள்ளம் வந்தது. ஆற்றோரம் இருந்த ஓவியக் கூடங்கள் மூழ்கின. நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய்களே அடித்துச் செல்லப்பட்டன.

இப்படிப்பட்ட ஊருக்குச் சுற்றுலா போகலாமா?

உங்கள் நண்பனுக்குக் கடும் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே பத்துப் பேர் போய்ப் படுக்கையைச் சுற்றி நின்றால் அவனுக்குத் தொல்லைதான். ஆனால் காய்ச்சல் விட்டு, திண்ணையில் வந்து உட்காரும்போது ஒருவரும் எட்டிப் பார்க்காவிட்டால்? அப்போதுதான் அவன் மனம் வாடிப்போகும்.

ஊருக்கும் அப்படித்தான். வெள்ளம் வந்த முதல் வாரங்களில், 'சுற்றிப் பார்க்க வராதீர்கள்' என்று அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள். இருந்த சில சாலைகள் ஆம்புலன்சுக்கும் உணவு லாரிகளுக்கும் வேண்டியிருந்தன. குழாயில் குடிக்கத்தக்க நீர் மீண்டும் வருவதற்கு 53 நாட்கள் ஆயின. அந்த நேரத்தில் போவது உதவி அல்ல, இடைஞ்சல்.

பிறகு நிலைமை மாறியது. நவம்பர் 2 அன்று, 250 அறைகள் கொண்ட பில்ட்மோர் மாளிகை திறக்கப்பட்டது. ஒவ்வொரு கடையாகத் திறந்தார்கள். 'இப்போது வாருங்கள்' என்று அவர்களே அழைத்தார்கள். வெள்ளத்தில் தப்பிய கடைக்காரர்கூட, வாங்க ஆளில்லாமல் கடையை மூட நேரிடலாம் அல்லவா? 2025 ஜூன் மாதம், ஒன்பது மாதம் கழித்து, சிம்னி ராக் என்ற பாறைப் பூங்காவும் திறக்கப்பட்டது.

ஆகவே, போகலாமா வேண்டாமா என்பதை நம் ஆசை முடிவு செய்யக்கூடாது. அந்த ஊர் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

போனபின் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதும் முக்கியம். இடிந்த வீட்டின் முன்னால் சிரித்தபடி போட்டோ எடுக்கக்கூடாது. அது வேடிக்கைப் பொருள் அல்ல, ஒருவரின் வீடு. தடுப்பு வைத்த பாதையில் நுழையக்கூடாது. ஓட்டலில் சாப்பாடு வரத் தாமதமானால் முகம் சுளிக்கக்கூடாது. சிறிய கடைகளில் பொருள் வாங்கலாம். 'உங்கள் வீட்டில் யார் இறந்தார்கள்?' என்று துருவிக் கேட்க வேண்டாம். அவர்களாகவே சொன்னால், பொறுமையாகக் காது கொடுத்துக் கேளுங்கள். அதுவும் ஓர் உதவிதான்.

புயலும் வெள்ளமும் எந்த நாட்டுக்கும் வரலாம். அடுத்த முறை பெற்றோருடன் சுற்றுலா கிளம்பும் முன், 'அந்த ஊர் இப்போது எப்படி இருக்கிறது?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்பீர்கள்தானே?