ஓ.பி. வரிசையும் ஒரு நாள் கூலியும்

ஆரியசாலையில் பொழுது விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. நாகர்கோவில் வழியாக வரும் லாரிகள் சாலைக் கடைத்தெருவில் வந்து நிற்கின்றன. காய்கறியும் பலசரக்கும் இறங்குகின்றன. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் ஏற்படுத்திய இந்தக் கடைத்தெருவில் மூட்டை தூக்குபவர், கடைச் சிப்பந்தி, கணக்கப்பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் பிழைத்து வருகிறார்கள். இவர்களில் ஒருவருக்கு நான்கு நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அங்கே டாக்டருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் காலை 7 மணிக்குச் சீட்டு வரிசையில் நின்றவர், டாக்டரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு நின்று, முடிவை வாங்கி மறுபடியும் டாக்டரிடம் காட்டி, மருந்து ஜன்னலிலும் நின்று வெளியே வரும்போது பிற்பகல் ஆகிவிடும். அன்றைய கூலி போயிற்று.

ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரப்படி, 2021-22-ல் கேரளக் கிராமப்புறங்களில் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 837 ரூபாய். அகில இந்திய சராசரி 373 ரூபாய்தான். கூலி கூடுதல் என்பதற்காகவே பலர் எல்லை தாண்டி இங்கே வருகிறார்கள். அதே காரணத்தால், வரிசையில் போகும் நாளின் நஷ்டமும் இங்கே கூடுதலாகிவிடுகிறது. ஆகவே தொழிலாளி மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மூட்டை தூக்கப் போகிறார். அதற்கும் சரியாகாவிட்டால் மாலையில் தனியார் டாக்டரிடம் போகிறார். இலவச ஆஸ்பத்திரியைவிடப் பணம் வாங்கும் டாக்டர் மலிவு என்ற விநோதமான கணக்கு இது. ஆனால் கணக்கு தப்பில்லை.

ஆஸ்பத்திரியின் பதிவேடுகளில் இந்த நஷ்டத்துக்கு வழக்கமாக இடம் கிடையாது. எத்தனை டாக்டர்கள், எத்தனை படுக்கைகள், எத்தனை நோயாளிகள் என்பவை எழுதப்படுகின்றன. ஒரு நோயாளி எத்தனை மணி நேரம் நின்றார் என்பது எழுதப்படுவதில்லை. எழுதாத செலவை யாரும் குறைக்க முயல்வதுமில்லை.

இத்தகைய செலவுகளை அளந்து குறைப்பதற்கென்றே ஒரு சாஸ்திரம் இருக்கிறது. ‘ஆபரேஷனல் ரிசர்ச்’ என்று அதற்குப் பெயர். தமிழில் செயல்முறை ஆராய்ச்சி எனலாம். இரண்டாவது உலக யுத்தத்துக்குச் சற்று முன்னால், இங்கிலாந்தில் ராடார் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று விஞ்ஞானிகளிடம் யோசனை கேட்டதில் பிறந்தது இது. கையில் இருக்கிற கப்பலையும் விமானத்தையும் ஆட்களையும் எப்படி ஈடுபடுத்தினால் அதிகப் பலன் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதே அவர்கள் வேலை. யுத்தம் முடிந்ததும் இது தொழிற்சாலைகளுக்கும் போக்குவரத்துக்கும் வந்தது; இந்தியாவில் 1949-லேயே ஹைதராபாத் பிராந்திய ஆராய்ச்சிக்கூடத்தில் இதற்கென ஒரு பிரிவு ஏற்பட்டது. ஆஸ்பத்திரி வரிசைக்கு இதைப் பிரயோகித்தவர்களில் முக்கியமானவர் நார்மன் பெய்லி என்ற பிரிட்டிஷ் புள்ளியியல் நிபுணர். பிற்காலத்தில் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்திலும் பணியாற்றியவர்.

1952-ல் பெய்லி வெளியிட்ட ஆராய்ச்சி, இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளர் பிரிவைப் பற்றியது. நோயாளிகளை எந்த நேரத்துக்கு வரச்சொல்வது என்ற கேள்வியை அவர் எடுத்துக்கொண்டார். டாக்டர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்று நினைத்தால், எல்லாரையும் முதலிலேயே வரவழைத்து உட்கார வைக்க வேண்டும். நோயாளி காத்திருக்கவே கூடாது என்று நினைத்தால், டாக்டர் அடிக்கடி சும்மா இருக்க நேரிடும். இரண்டுக்கும் நடுவே அவர் சொன்ன வழி மிக எளியது: தொடக்கத்தில் இரண்டு பேரை வரச்சொல்; பிறகு, ஒருவரைப் பார்க்கச் சராசரியாக ஆகும் நேரத்துக்கு ஒருவராக வரச்சொல். டாக்டரின் நேரத்தில் இழப்பு சொற்பம். நோயாளிகளின் நேரத்தில் மிச்சம் ஏராளம். ‘முதலிலேயே எல்லாரும் வாருங்கள்’ என்ற ஏற்பாட்டில் நோயாளியின் நேரத்துக்கு விலையே இல்லை என்ற அனுமானம் ஒளிந்திருந்தது. அதைக் கணக்கில் வெளியே கொண்டுவந்ததுதான் பெய்லியின் பெரிய சேவை.

கூட்டம் எப்படி உண்டாகிறது?

ஒரு உதாரணத்தைப் பார்க்கலாம். ஒரு டாக்டர் ஒருவரைப் பார்க்க 3 நிமிடம் எடுத்துக்கொள்கிறார்; மணிக்கு 20 பேர். காலை 8 மணிக்கு 60 பேரும் ஒன்றாக வந்து நின்றால் கடைசி ஆளுக்கு முறை வரும்போது மணி ஏறக்குறைய 11. அதே 60 பேர் 8, 9, 10 மணிக்கு இருபது இருபது பேராக வந்தால் யாரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம். டாக்டர் அவரேதான், வேலை முடிவதும் அதே 11 மணிக்குத்தான். பின் ஏன் எல்லாரும் 8 மணிக்கு வருகிறார்கள்? சீட்டுக் கொடுப்பது நின்றுவிடுமோ என்ற பயம். முந்தி வந்தவருக்கு முந்தி என்ற விதி இருக்கும் வரை, நேற்று 8 மணிக்கு வந்தவர் இன்று 7 மணிக்கு வருவார். நாளை இன்னொருவர் 6 மணிக்கே வருவார். வியாதி இந்தக் கூட்டத்தை உண்டாக்கவில்லை. ஏற்பாடு உண்டாக்கியது.

இன்னொரு உண்மை இதைவிட ஆச்சரியமானது. நோயாளிகள் முன்பின்னாக, நினைத்த நேரத்தில் வருகிறார்கள். சிலரைப் பார்க்க ஒரு நிமிடம், சிலருக்குப் பத்து நிமிடம் ஆகிறது. இப்படிப்பட்ட இடங்களில் கூட்டம் கூடக்கூடக் காத்திருப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை; ஒரு கட்டத்துக்கு மேல் எகிறிவிடுகிறது. டெலிபோன் கம்பெனிக்காக டென்மார்க்கில் எர்லாங் என்பவர் 1909-ல் தொடங்கிவைத்த வரிசைக் கணிதம் இதைச் சொல்கிறது. மணிக்கு 20 பேரைப் பார்க்கக்கூடிய அதே டாக்டரிடம் சராசரியாக 16 பேர் வந்தால், அந்தக் கணிதத்தின் எளிய சூத்திரப்படி காத்திருப்பு 12 நிமிடம். 18 பேர் வந்தால் 27 நிமிடம். 19 பேர் வந்தால் 57 நிமிடம்! மூன்றே பேர் கூடியதில் காத்திருப்பு நான்கு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. இதிலேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஆஸ்பத்திரியை இரண்டு மடங்காகக் கட்ட வேண்டியதில்லை. நிரம்பி வழியும் இடத்திலிருந்து கொஞ்சம் பேரை வேறு நேரத்துக்கோ வேறு இடத்துக்கோ திருப்பினாலே நிவாரணம் மிகப் பெரிதாக இருக்கும்.

எந்த இடம் நிரம்பி வழிகிறது என்று கண்டுபிடிப்பது முக்கியம். காய்ச்சல்காரர் நின்றவை சீட்டு, டாக்டர், பரிசோதனை, திரும்ப டாக்டர், மருந்து என்று ஐந்து வரிசைகள். மருந்து கொடுப்பவர் ஒருவரே இருக்கும் இடத்தில் இன்னொரு டாக்டரை நியமித்தால், டாக்டர் அறை வாசலில் நின்ற கூட்டம் மருந்து ஜன்னலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். பத்திரிகைகளில் ‘டாக்டர் பற்றாக்குறை’ என்ற செய்தி வரும். மருந்து ஜன்னலைப் பற்றிச் செய்தி வருவதில்லை. மொழியும் இதில் சேரும். மலையாளம் சரளமாக வராதவர் தமது வியாதியைச் சொல்லிப் புரியவைக்க இரண்டு மடங்கு நேரம் ஆனால், அது அவர் ஒருவரின் சிரமத்தோடு நிற்பதில்லை. அவருக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரின் நேரமும் போகிறது.

காசநோய் கற்பித்த பாடம்

இந்த விதமான ஆராய்ச்சிக்கு நம் நாட்டிலேயே பெருமைக்குரிய உதாரணங்கள் உண்டு. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்தில் படுக்கை, நல்ல உணவு, ஓய்வு எல்லாம் கொடுத்துச் சிகிச்சை அளித்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு அவர்கள் குடியிருந்த நெருக்கடியான வீட்டிலேயே மருந்து. இரண்டு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள் என்று 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் உள்ளவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று தெரியவந்தது. லட்சக்கணக்கான படுக்கைகள் கட்டினால்தான் காசநோயை ஒழிக்கலாம் என்ற திட்டம் அதோடு கைவிடப்பட்டது.

பிறகு 1959-ல் தொடங்கிய பெங்களூர் தேசிய காசநோய் நிறுவனத்தில் ஆண்டர்சன், பானர்ஜி இருவரும் தும்கூர் பகுதியில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். கிராம மக்கள் அறியாமையால் வைத்தியம் தேடுவதில்லை. எக்ஸ்-ரே வண்டிகளை அனுப்பி நாமே தேடிப் பிடிக்க வேண்டும் என்பது அன்றைய எண்ணம். விசாரித்ததில், நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே ஏதாவது ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள்! அவர்களில் பலருக்கு இருமல் மருந்துப் புட்டியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நோயாளி வந்திருக்கிறார், ஆஸ்பத்திரிதான் கவனிக்கவில்லை. ஆகவே நாள்பட்ட இருமலோடு வருபவரின் சளியை அங்கேயே பரிசோதிப்பது என்ற வழியில், 1962-ல் தேசிய காசநோய்த் திட்டம் உருவானது.

மருந்துக் கையிருப்புக்கு வந்தால், சாலைக் கணக்கப்பிள்ளைகளுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. வற்றல் மிளகாய் கடைசி மூட்டைக்கு வரும் வரை எந்தக் கடையும் காத்திருப்பதில்லை. லாரி வந்துசேர எத்தனை நாள், ஒரு நாள் விற்பனை எத்தனை மூட்டை என்று பெருக்கி, அதற்கு மேல் கொஞ்சம் வைத்து, அந்த அளவு வந்ததும் ஆர்டர் போய்விடும். அரசு ஆஸ்பத்திரிகளிலோ வருஷத்துக்கு ஒரு முறை வாங்கி, சில மருந்து காலாவதியாகி, சில மருந்து மூன்றாம் மாதமே தீர்ந்துபோவது வழக்கமாக இருந்தது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் ஏற்பட்டு, மறு வருஷ ஜனவரியிலிருந்து இதை மாற்றியது. மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு ரூபாய்க்கு எடுக்கலாம் என்று ஒரு பாஸ் புத்தகம், கிடங்கில் இருப்பு குறைந்தால் கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும் ஏற்பாடு. கேரளமும் 2007 கடைசியில் இதே போன்ற கழகத்தைப் பதிவு செய்தது. மருந்து தீர்ந்துவிட்டது, வெளியில் வாங்கிக்கொள் என்பதும் தொழிலாளிக்கு ஒரு கூலி நஷ்டம்தானே.

மாலை 6 மணி

கேரள அரசு 2017-ல் தொடங்கிய ‘ஆர்த்ரம்’ திட்டத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்றி, டாக்டர்களையும் நர்சுகளையும் கூட்டி, ஓ.பி. நேரத்தை மாலை 6 மணி வரை நீட்டியது அத்திட்டம். டாக்டரைப் பார்க்குமுன் நர்சே விவரம் கேட்டு எழுதும் ஏற்பாடும் வந்தது. டாக்டரின் நிமிடங்கள் அதனால் மிச்சம். பெரிய ஆஸ்பத்திரிகளில் டோக்கன் முறையும், இன்டர்நெட் மூலம் ஓ.பி. சீட்டை முன்கூட்டியே எடுக்கும் வசதியும் வந்தன. ஆரியசாலைக்காரருக்கு இவற்றில் மிகவும் உபயோகமானது மாலை நேரம்தான். மூட்டை இறக்கும் வேலை முற்பகலில் முடிந்துவிடுகிறது. 4 மணிக்கு டாக்டர் இருப்பார் என்று தெரிந்தால் கூலியை விட வேண்டியதில்லை. சீட்டை இன்டர்நெட்டில் எடுக்கும் வசதி குமாஸ்தாவுக்கு உதவும். எல்லாத் தொழிலாளிக்கும் உதவும் என்று சொல்ல முடியாது. செல்போனில் பதிவு செய்தவர்களுக்கு நேரம் ஒதுக்கிய பின் மிஞ்சிய நேரத்தில், நேரில் வந்து நிற்பவரின் வரிசை நீண்டுவிடக்கூடும். எந்த வரிசை எவ்வளவு குறைந்தது, எது கூடியது என்று இரண்டையும் தனித்தனியே அளந்தால்தான் தெரியும்.

அளப்பது பெரிய காரியமுமல்ல. ஓ.பி. சீட்டில் வந்த நேரம், டாக்டரைப் பார்த்த நேரம், மருந்து வாங்கிய நேரம் என்று மூன்று முத்திரைகள், ஒரு வாரத்துக்குப் போதும். 1996 மக்கள் திட்டத்தைத் தொடர்ந்து கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் இருக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரிகளில் மேம்பாட்டுக் குழுக்கள் இருக்கின்றன. அந்தக் கூட்டங்களில் கட்டடமும் ஸ்கேன் கருவியும்தான் பெரும்பாலும் பேசப்படுகின்றன. மூன்று முத்திரைக் கணக்கை ஒரு கவுன்சிலர் மேஜைமேல் வைக்கச் சொல்லிக் கேட்டால், அடுத்த டாக்டரை நியமிப்பதா, மருந்துக்கு இரண்டாவது ஜன்னல் திறப்பதா, மாலை ஓ.பி.யை நகரின் எந்த மையத்தில் முதலில் உறுதிப்படுத்துவது என்ற விவாதம் அன்றே தொடங்கலாம்.