மைக் கொடுத்தால் போதுமா? வேலைக் கடிதம் எங்கே?

பஸ் டிரைவருக்கு டபுள் டியூட்டி போட்டால் பேப்பரில் செய்தி வரும். மில் தொழிலாளிக்குப் போனஸ் இல்லை என்றால் செய்தி வரும். ஜவுளிக்கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதுவும் செய்தியாக வந்தது. நல்லதுதான்.

ஆனால், பேப்பர் ஆபீசில் வேலை பார்க்கிறவருக்கே சம்பளப் பாக்கி என்றால்? மூச்சு விட மாட்டார்கள்!

இந்த இடத்தில்தான் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அவர்தான் எச்.ஆர்.!

யார் இவர்?

அந்தக் காலத்தில் 'பெர்சனல் ஆபீசர்' என்பார்கள். இப்போது மனிதவள அதிகாரி. பெரிய கம்பெனியில் ஆள் எடுக்க ஒருவர், சம்பளத்துக்கு ஒருவர், பி.எப். கணக்குக்கு ஒருவர் என்று பிரித்து வைத்திருப்பார்கள். நடுத்தரப் பத்திரிகை ஆபீசிலும் டி.வி. ஆபீசிலும் எல்லாம் ஒரே ஆள் தலையில்தான்! ஆள் எடுப்பதும் அவர். லீவு பார்ப்பதும் அவர். சண்டை தீர்ப்பதும் அவர். 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்வதும் அவரேதான்!

மற்ற ஆபீஸ் மாதிரி பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிற கூட்டமா இது? காலைப் பேப்பரின் உதவி ஆசிரியர் நடுராத்திரி தாண்டித்தான் பக்கம் முடிப்பார். அச்சுக்கூடத்தில் விடிய விடிய வேலை. வெள்ளம் வந்தால் லீவு ரத்து. தேர்தல் வந்தால் தூக்கமே ரத்து!

இதற்கும் கணக்கு உண்டு. 4 வாரத்தில் 144 மணி நேரத்துக்கு மேல் பத்திரிகையாளரிடம் வேலை வாங்கக் கூடாது. 1955-ம் வருடச் சட்டத்தின் காலத்திலிருந்து வரும் விதி இது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அப்படியானால் வாரத்துக்கு 36 மணி நேரம். எத்தனை ஆபீசில் இந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள்?

கையிலே மைக்

சரி, கணக்கில் பெயர் இருக்கிறவர் பாடாவது பரவாயில்லை. பெயரே இல்லாதவர் கதி என்ன?

தாலுகா ஊர்களில் பகுதி நேர நிருபர்கள் இருக்கிறார்கள். கையில் மைக் இருக்கும். சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கும். வேலைக் கடிதம் மட்டும் இருக்காது! செய்திக்கு இவ்வளவு என்று காசு. செய்தி வராவிட்டால் அதுவும் இல்லை. விபத்துச் செய்தி எடுக்கப் போய் அவரே விபத்தில் சிக்கினால், 'அவர் எங்கள் ஆளே இல்லை' என்று ஒரே வார்த்தையில் கை கழுவி விடலாம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பத்திரிகைத் தொழில்தான் ஒருவருக்குப் பிரதானம் என்றால், முழு நேரமோ பகுதி நேரமோ, வேலைக்கு வைக்கப்பட்டவர் பத்திரிகையாளர்தான். டி.வி.யும் டிஜிட்டல் ஊடகமும் புதிய தொகுப்பில் சேர்க்கப்பட்டு விட்டன.

ஒரே ஒரு தாள்

இந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. ஒவ்வொரு ஊழியருக்கும் வேலைக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கிறது. ஏற்கெனவே வேலையில் இருந்தும் கடிதம் இல்லாதவர்களுக்கு 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தது.

முதலாளிகள் என்ன சொல்கிறார்கள்? 'விளம்பர வருமானம் விழுந்து போச்சு. ஜனங்க செல்போனிலேயே செய்தி படிச்சுடறாங்க. எங்கே போறது?'

இல்லை என்று சொல்ல மாட்டோம். நெருக்கடி நிஜம்தான். ஆனால் கடிதத்துக்கு ஆகிற செலவு ஒரு தாள்! தாளைப் பார்த்தா பயம்? அதோடு கூட வரும் பி.எப்.பையும் கிராஜுவிட்டியையும் பார்த்துத்தான் பயம். மற்றவர்களுக்கு 5 வருடம் என்றால், பத்திரிகையாளருக்கு 3 வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமை வந்து விடுகிறதே!

சம்பள விஷயத்திலும் இதே கதைதான். மஜீதியா கமிஷன் சம்பளத்தை மத்திய அரசு 2011-ல் அறிவித்தது. 2014-ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகும் கோர்ட் அவமதிப்பு வழக்குப் போட வேண்டி வந்தது! 'குறைந்த சம்பளமே போதும் என்று ஊழியர் எழுதிக் கொடுத்து விட்டார்' என்ற சாக்கு செல்லாது, ஒப்பந்த ஊழியருக்கும் உரிமை உண்டு என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அந்தக் காகிதங்களில் கையெழுத்து வாங்கும் வேலை யார் தலையில் விழும்? எச்.ஆர். தலையில்தான்!

2020-ல் கொரோனா வந்தபோதும் பல பத்திரிகை ஆபீசுகளில் ஆட்குறைப்பு, சம்பள வெட்டு. பத்திரிகையாளர் சங்கங்கள் சுப்ரீம் கோர்ட் வரை போயின.

நடுவிலே எச்.ஆர்.

எச்.ஆரை வில்லன் ஆக்குவது சுலபம். அவர் நிலைமையையும் பாருங்கள். நிர்வாகப் பணியில் இருப்பதால் பத்திரிகையாளருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. இந்தப் பக்கம் முதலாளி, அந்தப் பக்கம் ஊழியர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி!

ஆனாலும் அவரால் முடிகிற காரியம் ஒன்று உண்டு. எழுதி வைப்பது! யார் யார் வேலை செய்கிறார்கள், எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று ஒழுங்காக எழுதி வைத்தால் பாதிச் சண்டை தீரும். சட்டத்துக்கு ஒத்து வராத உத்தரவு வந்தால், 'சார், இது சட்டப்படி செல்லாது' என்று அதையும் எழுத்தில் சொல்லலாம். பின்னால் கோர்ட்டுக்குப் போனால் முதலாளியைக் காப்பாற்றப் போவதும் அந்தக் காகிதம்தான்.

ஊருக்கெல்லாம் நியாயம் கேட்கிற பத்திரிகைகள் முதலில் தங்கள் வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்க்கட்டும். அதில் பெயர் இல்லாமல் வேலை செய்கிறவர் எத்தனை பேர் என்று எண்ணட்டும். இதைப் போடுகிற பேப்பருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

மைக் கொடுத்த கையாலேயே கடிதத்தையும் கொடுங்கள்!