எங்கள் மாவட்டத்துக்கு ஆறு விநாடி

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள். பெப்ரவரி 4 நெருங்குகிறது. பாடசாலைகளில் தேசிய கீதப் பயிற்சி தொடங்கிவிட்டது. தொலைக்காட்சி அலைவரிசைகளும் தங்கள் தேசிய கீதக் காணொளிகளை அடிக்கடி போடும். அந்தக் காணொளிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன கிழமை தரம் 10 பிள்ளைகளுக்குக் குடியியற் கல்விப் பாடம் எடுத்தேன். வெறும் நோட்ஸ் கொடுத்து என்ன பயன் என்று நினைத்து, வெவ்வேறு அலைவரிசைகள் தயாரித்த நான்கு தேசிய கீதக் காணொளிகளைப் போட்டுக் காட்டினேன். இரண்டு சிங்களத்தில், இரண்டு தமிழில். அலைவரிசைகளின் பெயர்களை இங்கே சொல்லவில்லை. யாருடனும் சண்டை பிடிப்பது என் நோக்கமில்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை இதுதான்: "யார் பாடுறாங்க, என்ன இடம் வருது, எந்த ஆக்கள் வாறாங்க, என்ன மொழியில எழுத்து ஓடுது, எல்லாத்தையும் அட்டவணை போட்டு எழுதுங்க."

பாடுபவர்கள் பகுதியில் இரண்டு விதம் இருந்தது. ஒன்றில் பாடுகிறவர்களின் முகமே இல்லை. கூட்டுக் குரல் மட்டும் கேட்கிறது, திரையில் கொடி பறக்கிறது, காட்சிகள் ஓடுகின்றன. மற்றதில் பிரபலமான பாடகர்கள் வெள்ளை உடுப்பில் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு வரி பாடுகிறார்கள்.

இடங்கள் பகுதியில் நான்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிகிரியா, தாதுகோபம், கண்டிப் பெரஹரா யானை, கொழுந்து பறிக்கும் பெண்கள், நீர்வீழ்ச்சி, அதிவேகப் பாதை, கிரிக்கெட், இராணுவ அணிவகுப்பு. ஒரு கோயில் கோபுரம் வந்தது. ஒரு பள்ளிவாசல் வந்தது. அது கொழும்பு புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளி. பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

தமிழ்க் காணொளிகளில் ஒன்றைப் பார்த்து வகுப்பே சிரித்துவிட்டது. சற்றுமுன் பார்த்த சிங்களக் காணொளியின் அதே காட்சிகள், அதே வரிசை. மேலே தமிழ்ப் பாட்டை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்கள். பாடுகிறவர்களின் வாயசைவு சிங்களத்தில், குரல் தமிழில். டப்பிங் படம் மாதிரி இருந்தது.

மன்னார் வந்ததா என்று கேட்டேன். ஒரு காணொளியில் வந்தது என்றார்கள். ட்ரோனில் எடுத்த காற்றாலைகள், பக்கத்தில் நீலக் கடல். பார்க்க அழகான காட்சிதான். ஒரு மாணவி எழும்பிச் சொன்னாள்: "சேர், காத்தாலை மட்டுந்தான் தெரியுது. அதுக்குக் கீழ இருக்கிற சனம் ஒருத்தரும் இல்லையே."

அந்தப் பிள்ளை சொன்னது எனக்கு இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் தீவின் தென்கரையில் 'தம்பபவனி' திட்டத்தின் 30 காற்றாலைகள் நிற்கின்றன. 2025 இல் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் எங்கள் சனம் நாள்கணக்காக வீதியில் இருந்தது. காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்பதற்கு இது இடமில்லை. ஆனால் நாட்டின் கீதத்தில் மன்னார் என்று காட்டுவதற்கு ஒருவருக்குக் கிடைத்தது ஆளில்லாத ஒரு கரையும் இயந்திரமும் மட்டும்தானா?

"காணொளியில என்ன வந்தா என்ன, பாட்டுத்தானே முக்கியம்" என்று சிலர் கேட்கலாம். நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். தேசிய கீதம் பற்றி எங்கள் நாட்டில் நடந்த வாதம் எல்லாமே சொல்லையும் மொழியையும் பற்றியதுதான். ஆனந்த சமரக்கோன் தாகூரின் சாந்திநிகேதனில் படித்தவர். அவர் 1940 இல் எழுதிய பாட்டை 1951 இல் அரசு தேசிய கீதமாக ஏற்றுக்கொண்டது. பண்டிதர் மு. நல்லதம்பி அதைத் தமிழில் தந்தார். முதலெழுத்து நாட்டுக்கு ஆகாது என்று சொல்லி 1961 இல் முதலடியை மாற்றினார்கள். சமரக்கோன் அதை எதிர்த்தார், எடுபடவில்லை. அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

பிறகு மொழி வாதம். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் கீதத்தின் தமிழ் வடிவம் இருக்கிறது. ஆனாலும் 2010 டிசம்பரில் தமிழில் பாடுவதை நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. வடக்கில் சில நிகழ்வுகளில் எங்கள் பிள்ளைகளைப் பொருள் தெரியாமலே சிங்களத்தில் பாட வைத்தார்கள். இந்தியாவிலும் இந்தியில் மட்டும்தானே பாடுகிறார்கள் என்று அப்போது சில அரசியல்வாதிகள் சொன்னார்கள். இந்தியாவின் கீதம் இந்தியில் எழுதப்பட்டதே அல்ல, தாகூர் வங்காளத்தில் எழுதியது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. 2015 இல் அப்படித் தடை எதுவும் இல்லை என்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொன்னார். 2016 பெப்ரவரி 4 அன்று காலிமுகத்திடலில் தமிழில் பாடியபோது பலருக்குக் கண் கலங்கியது. 2020 இல் திரும்பவும் இல்லாமல் போனது. 2022 இல் அதே காலிமுகத்திடலில் போராட்டக்காரர்கள் தாங்களாகவே தமிழில் பாடினார்கள்.

மெட்டைப் பற்றியும் சண்டை வந்தது. 2023 இல் லங்கா பிரீமியர் லீக் தொடக்க விழாவில் ஒரு பாடகி மெட்டையும் உச்சரிப்பையும் மாற்றிவிட்டார் என்று நாடே கொதித்தது. பொது நிர்வாக அமைச்சு விசாரணை நடத்தியது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஒரு சொல் பிழைத்தால் அமைச்சு விசாரிக்கிறது. அதே பாட்டின் காட்சியில் ஒரு மாவட்டமே விடுபட்டால் கேட்பதற்கு யாரும் இல்லை.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், சொந்த மொழியில் பாடுவது மட்டும் போதாது என்பதைச் சின்ன வயதிலேயே கண்டவன் நான். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எங்கள் குடும்பம் வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. ஓலைக் கொட்டிலில் பின்னேரப் பாடசாலை. அங்கேயும் இதே கீதத்தைத் தமிழில்தான் பாடினோம். எங்களைத் துரத்தியவர்களின் மொழியும் தமிழ்தான். மொழி ஒன்றாக இருந்தும் "இவர்களும் இந்த மண்ணின் ஆக்கள்" என்ற படம் அவர்கள் மனதில் இல்லாமல் போனது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு, கீதத்துக்கு நாங்கள் எழுந்து நிற்கும் விதத்தையே உற்றுப் பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் மனதிலும் எங்களைப் பற்றி ஒரு படம்தான் இருந்தது. அந்தப் படங்களை உருவாக்குவதில் தொலைக்காட்சிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அக்கரையைக் கொஞ்சம் பாருங்கள். நாங்கள் திரும்பி வந்த காலத்தில் மன்னாரில் அன்டெனாவை மேற்கே திருப்பினால் கொழும்பு அலைவரிசைகளை விட இராமேஸ்வரத்துத் தூர்தர்ஷன் தெளிவாகத் தெரியும். 2000 ஆம் ஆண்டில் இந்தியக் குடியரசின் பொன்விழாவுக்காக ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்து, பாரத்பாலா தயாரித்த 'ஜன கண மன' காணொளியை அப்படித்தான் பார்த்தேன். லதா மங்கேஷ்கர், பீம்சேன் ஜோஷி, டி.கே. பட்டம்மாள், பாலமுரளிகிருஷ்ணா, எஸ்.பி.பி. என்று பல மாநிலத்து முகங்கள். எல்லாரும் பாடுவது ஒரே வங்காளப் பாட்டுத்தான். ஆனாலும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் அதைப் பார்த்தால் தன் ஊர் முகம் அதில் இருக்கும். அதற்கும் முன்பு, 1988 சுதந்திர தினத்தில் தூர்தர்ஷன் வெளியிட்ட 'மிலே சுர் மேரா துமாரா' கீதம் அல்ல, ஒற்றுமைப் பாட்டு. அதில் தமிழும் வந்தது, கமல்ஹாசனும் வந்தார். அந்த நாட்டிலும் குறைகள் ஆயிரம் உண்டு. முஸ்லிம்கள் அங்கே படும் பாடும் எங்களுக்குத் தெரியும். நான் சொல்வது தயாரிப்பு முறையை மட்டும். அவர்கள் கட்டடங்களை விட முகங்களை நம்பினார்கள்.

இந்தியாவின் கீதம் 52 விநாடி. எங்களுடையது முழுதாகப் பாடினால் ஏறக்குறைய இரண்டரை நிமிடம். நான் கரும்பலகையில் கணக்குப் போட்டேன். 150 விநாடி, 25 மாவட்டம். ஆளுக்கு ஆறு விநாடி. நாட்டில் ஒரு மாவட்டத்தையும் விடாமல் காட்ட இந்தப் பாட்டில் தாராளமாக நேரம் இருக்கிறது.

"மன்னாருக்கு ஆறு விநாடி தந்தா என்னத்தக் காட்டுவீங்க?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன். முதலில் வந்த பதில்கள்: மடு மாதா கோயில், திருக்கேதீச்சரம், எருக்கலம்பிட்டிப் பள்ளிவாசல், பள்ளிமுனைப் பெருக்க மரம், தலைமன்னார் வெளிச்சவீடு. சரி என்று எழுதிக்கொண்டே போனேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன், அவனுடைய வாப்பா கடல் தொழில், மெதுவாகச் சொன்னான்: "எல்லாம் கட்டடமும் மரமும்தான் சேர். ஒரு ஆளும் இல்ல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கொழும்புக்காரர் எங்களுக்குச் செய்ததை நாங்களே எங்களுக்குச் செய்திருந்தோம். மதத்துக்கு ஒரு கட்டடம், முத்திரை குத்தின மாதிரி.

திரும்பத் தொடங்கினோம். கரைவலை இழுக்கிறவர்கள், பேசாலையில் கருவாடு காயப்போடும் பெண்கள், பன்பாய் பின்னும் கைகள் என்று வந்தது. அப்போது நான் கேட்டேன்: "பெருநிலப்பரப்பில குடியேறின மலையகச் சனம் எங்க? தெற்கிலிருந்து வந்து இங்க கடல் தொழில் செய்யிற சிங்களக் குடும்பங்கள் எங்க?" வகுப்பு அமைதியாகிவிட்டது. எங்களை விட்டுவிட்டார்கள் என்று முக்கால் மணித்தியாலம் குறைப்பட்டவர்கள், எங்கள் பட்டியலில் மற்றவர்களை விட்டிருந்தோம். அது அவர்களுக்கு நான் சொல்லிப் புரிய வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் ஒரு மாணவி தீர்த்து வைத்தாள். "சேர், காலையில ஆறரைக்கு மன்னார் பஸ் ஸ்டாண்டக் காட்டினாப் போதும். எல்லாரும் அங்கதான் நிப்பாங்க." மௌலவி, கன்னியாஸ்திரி, மீன்பெட்டிக்காரர், ஆசிரியர், பொலிஸ்காரர், முருங்கன் பக்கம் கூலிக்குப் போகிறவர். எல்லாரும் ஒரே பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். "கழுதையும் வரும் சேர்" என்றான் இன்னொருவன். வரட்டும், அதுவும் எங்கள் ஊர்தானே.

எங்கள் சமூகத்திலேயே சிலர், "இந்த வீடியோ வேலையெல்லாம் பிள்ளைகளுக்குத் தேவையா" என்று கேட்பார்கள். கேட்கலாம். பெண்பிள்ளைகளின் முகம் வருவது பற்றிப் பெற்றோருக்குத் தயக்கம் இருந்தால் அதை மதிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு பிள்ளையையும் படம் எடுக்க மாட்டோம். ஆனால் நாங்கள் ஒதுங்கி நின்றுகொண்டு, எங்களைக் காட்டவில்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை. நாங்கள் காட்டாத இடத்தை வேறொருவரின் ட்ரோன் நிரப்பும்.

அலைவரிசைகளிடம் கேட்பது மூன்றே மூன்று. தமிழ்க் கீதத்துக்குத் தனியாகப் படம் எடுங்கள், சிங்களப் படத்தின் மேல் குரலை ஒட்டாதீர்கள். சிங்களக் காணொளியின் கீழே தமிழ் எழுத்தும், தமிழ்க் காணொளியின் கீழே சிங்கள எழுத்தும் ஓடட்டும். ஒரே பொருளைத்தான் இரண்டு பேரும் பாடுகிறோம் என்பது காலிப் பிள்ளைக்கும் மன்னார்ப் பிள்ளைக்கும் அப்போதுதான் தெரியவரும். மூன்றாவது, ஒரு மாவட்டத்தைக் காட்டினால் அங்கே வாழும் மனிதர்களோடு காட்டுங்கள்.

அவர்கள் செய்யும் வரை நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. அதிபரின் அனுமதியோடு இந்த வருடம் எங்கள் பிள்ளைகள் அந்த ஆறு விநாடியைத் தாங்களே எடுக்கப் போகிறார்கள். போன் கமராதான். மற்றப் பாடசாலைகளும், பேசாலை, முருங்கன், சிலாவத்துறை, மடுப் பக்கம் இருக்கிறவர்களும் ஆளுக்கு ஆறு விநாடி எடுத்து அனுப்பினால், ஒன்றாகச் சேர்த்துத் தமிழ்க் கீதத்தோடு இந்தப் பக்கத்திலேயே போடலாம்.

உங்கள் ஊருக்கு ஆறு விநாடி என்றால் எதைக் காட்டுவீர்கள்? கீழே எழுதுங்கள். எழுதும்போது யாரை விட்டுவிட்டோம் என்பதையும் ஒருமுறை யோசித்துவிட்டு எழுதுங்கள்.