சுவரை மட்டும் எழுதச் சொல்பவருக்கு

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் திப்பு மகால், ஹைதர் மகால், பாதுஷா மகால், பேகம் மகால், கண்டி மகால் ஆகியவற்றைப் பற்றி விக்கிப்பீடியாவில் எப்படி எழுத வேண்டும் என்று ஒருவர் விதி வகுத்திருக்கிறார். கட்டடக் கட்டுரையில் கட்டடம் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறார். நீளம், அகலம், வளைவு, சுண்ணாம்புப் பூச்சு, கட்டிய காலம் ஆகியவை போதும். உள்ளே குடியிருந்தவர்களைப் பற்றிய பத்திகளை வெட்டி, அவரவர் பெயரில் உள்ள தனிக் கட்டுரைகளுக்கு அனுப்பிவிட வேண்டும். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் நடுநிலை.

இது நடுநிலை அல்ல. ஒரு சிறையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அதில் யாரை அடைத்தார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிற வேலை. விக்கிப்பீடியாவின் நடுநிலைக் கொள்கை கேட்பது வேறு. நம்பத்தக்க நூல்களில் பதிவாகியிருக்கும் கருத்துகளை உரிய அளவில், பக்கம் சாயாமல் எழுது என்கிறது அது. பதிவானதை நீக்கு என்று அது எங்கும் சொல்லவில்லை.

1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அவருடைய பிள்ளைகளையும் வீட்டுப் பெண்களையும் பரிவாரத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனி வேலூருக்குக் கொண்டுவந்து கோட்டைக்குள் குடிவைத்தது. இந்த மகால்களைத் திப்புவின் பெயராலும் ஹைதரின் பெயராலும் கண்டியின் பெயராலும் ஊர் அழைப்பதே அங்கே வாழ்ந்தவர்களால்தான். அவர்களை நீக்கிவிட்டுக் கட்டுரைக்கு என்ன தலைப்பு வைப்பார் இவர்?

1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவருக்குக் கோட்டைக்குள் திருமணம் நடந்தது. மறுநாள் விடிவதற்குள் கோட்டையில் இருந்த கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். முந்தைய ஆண்டு வந்த உடை உத்தரவு அவர்களை ஏற்கெனவே கொதிக்க வைத்திருந்தது. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் பொருத்திய புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்றது அந்த உத்தரவு. எழுந்த சிப்பாய்கள் மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். திப்புவின் மகன் ஃபத்தே ஹைதரை அரசராக அறிவித்தார்கள். சில மணி நேரத்தில் ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். கோட்டை மீண்டும் கம்பெனியின் கைக்குப் போனது. மகாலுக்குள் தஞ்சம் புகுந்திருந்த ஏறக்குறைய நூறு சிப்பாய்களை வெளியே கொண்டுவந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள்.

இந்தப் பத்தியை எந்தத் தனிக் கட்டுரைக்கு அனுப்புவார்? கில்லெஸ்பிக்குத் தனிக் கட்டுரை உண்டு. அன்றைய சென்னை ஆளுநர் பெண்டிங்குக்கு உண்டு, தலைமைத் தளபதி கிரேடக்குக்கும் உண்டு. சுவரோரம் செத்த அந்த நூறு பேருக்குத் தனிக் கட்டுரை கிடையாது, வரப்போவதும் இல்லை. அவர்கள் ஓடி ஒளிந்த கட்டடத்தின் வரலாற்றில்தான் அவர்களுக்கு இடம் இருக்கிறது. அங்கிருந்தும் அவர்களைத் துரத்துகிற விதி, சுட்டவனைக் காப்பாற்றிச் செத்தவனை இன்னொரு முறை அழிக்கிறது. அந்த மாதிரி ஒரு விதியைக் கலைக்களஞ்சிய ஒழுங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எழுச்சிக்குப் பின் திப்புவின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகமும் திப்புவின் மனைவி பாதுஷா பேகமும் வேலூர் மண்ணிலேயே அடக்கமாகியிருக்கிறார்கள். பெரும்பாலான வரலாறுகள் இந்தப் பெண்களை ஒரு வரியில் கடந்துவிடும். அந்த ஒரு வரியும் இவருக்கு உறுத்துகிறது.

அவருடைய இரண்டாவது வாதம் இன்னும் மோசம். 1806 பற்றிய ஆதாரங்கள் எல்லாம் ஆங்கிலேயர் எழுதியவை, ஒருதலைப்பட்சமானவை, ஆகவே நீக்கலாம் என்கிறார். அன்று கோட்டைக் கதவைத் தகர்த்துத் திறந்த பொறியாளர் பிளாக்கிஸ்டன் பின்னாளில் தன் படை அனுபவங்களை நூலாக எழுதினார். அந்தச் சிப்பாய்களைக் கொன்ற காட்சியைத் தான் ஏறத்தாழ அமைதியாகவே பார்க்க முடிந்ததாக அதில் பதிவு செய்திருக்கிறார். வென்றவன் தன் கையாலேயே எழுதி வைத்த வாக்குமூலம் அது. ஒருதலைப்பட்சம் என்று அதைத் தள்ளினால் யாருக்கு லாபம்? தவிர, ஆங்கிலேயர் மட்டுமே எழுதினார்கள் என்பதும் பொய். பி. சின்னையனும் கா. அ. மணிக்குமாரும் இதைப் பற்றித் தனி நூல்களே எழுதியிருக்கிறார்கள். அவற்றைத் திறந்து பார்க்காமல் ஆதாரம் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்ல இவருக்கு என்ன தகுதி?

ஆதாரத்தில் இவ்வளவு கறார் காட்டுபவர் எதை வைத்துக்கொள்ளச் சொல்கிறார் தெரியுமா? கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை போகிறது என்ற கதையை. ஊரே சொல்கிறது, சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடிக்கும் என்பது அவருடைய நியாயம். அப்படி ஒரு பாதைக்குச் சான்று கிடைத்ததில்லை. ஊரில் வழங்கும் கதை என்று சொல்லி அதை எழுதலாம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சான்றில்லாத சுரங்கத்தை உண்மையாக நிறுத்திவிட்டு, சான்றுள்ள சாவுகளை வெட்டுகிறவர் மெய்யறிதன்மை (சான்றைக் கொண்டு சரிபார்க்க முடிதல்) என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது.

தமிழில் யார் படிக்கிறார்கள், ஆங்கிலக் கட்டுரை இருந்தால் போதாதா என்றும் கேட்கிறார். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு, 1816இல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே சிறையில் இறந்தான். அவனுக்குப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. கண்டி மகாலைப் பற்றித் தமிழில் தேடுகிறவர்கள் வேலூரில் மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இருக்கிறார்கள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் இட்டு ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதிய இ. மயூரநாதன் ஈழத்தவர். தொழிலால் கட்டடக் கலைஞர். அப்படி எழுந்த ஒரு களஞ்சியத்தில், இலங்கை மன்னன் கைதியாக வாழ்ந்த மகாலைச் செங்கல் கணக்காகச் சுருக்கு என்பது அறியாமை.

இந்த விதி கோட்டையோடு நிற்காது. ஆம்பூரின் பழைய தோல் மண்டிகளுக்கும் ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளுக்கும் நாளை இதையே பொருத்துவார்கள். கட்டுரையில் கட்டடம் இருக்கும், தொட்டியில் இறங்கி நின்ற தொழிலாளி இருக்க மாட்டார். பாலாற்றின் நீளம் இருக்கும். தோல் கழிவால் அந்த ஆறும் சுற்றியுள்ள நிலமும் கெட்டதற்காக 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இருக்காது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு நண்பர்களே, மகால்களைப் பற்றிய பத்திகளை யாராவது நீக்கினால் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து மீளமையுங்கள். உரையாடல் பக்கத்தில் காரணத்தை எழுதிக் கையொப்பமிடுங்கள். நூலகத்தில் 1806 பற்றிய நூல் கிடைத்தால் பக்க எண்ணோடு மேற்கோள் சேருங்கள். இவருடைய விதிக்கு யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை.