சுண்ணாம்புப் பூமியில் பூட்டிய வீடுகள்

பங்குனியில், அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடியில் நந்திதேவருக்கும் சுயசாம்பிகைக்கும் திருக்கல்யாணம். 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்ற நம்பிக்கையில், வரன் தேடும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். கல்யாணம் கூடிவந்த பின் குடியிருக்க வீடு வேண்டுமே! அதற்கான விடையில் ஒரு பகுதி கொள்ளிடக் கரை ஊர்களின் தெருக்களிலேயே இருக்கிறது. சென்னைக்கும் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போனவர்களின் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஓடு சரிகிறது, மரத்தில் கரையான் ஏறுகிறது, முற்றத்தில் எருக்கு முளைக்கிறது.

நாடு முழுவதும் இதே நிலைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 2.46 கோடி வீடுகளும் கட்டடங்களும் காலியாக இருந்தன. மறு ஆண்டே, நகரங்களில் மட்டும் ஏறத்தாழ 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு கணக்கிட்டது.

அரசுத் திட்டங்களோ பெரும்பாலும் புது வீட்டையே நம்புகின்றன. 2024-இல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்', குடிசைக்குப் பதிலாக 360 சதுர அடி வீடு கட்ட 3.50 லட்சம் ரூபாய் தருகிறது. மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அது பெரும் வரம். ஆனால், சொந்த மனையும் பட்டாவும் இருந்தால்தான் அந்த வீடு. மனையே இல்லாதவர் எங்கே போவார்?

இந்தக் கேள்வி அரியலூர் மாவட்டத்தை மற்ற மாவட்டங்களைவிட அதிகமாகச் சுடவேண்டும். தமிழகத்தின் பல வீடுகள் நிற்பது இந்த மண்ணின் சுண்ணாம்புக்கல்லால். சிமெண்ட் ஆலைச் சூளையில் அந்தக் கல் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் வேகிறது. ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல் சுண்ணாம்பாகும்போது, கல்லிலிருந்து மட்டும் 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிபொருளின் புகை தனி. சுரங்கக் குழிகளையும் லாரிப் புழுதியையும் சுமப்பவர்கள் இந்த மாவட்டத்து மக்கள். ஏற்கெனவே நிற்கும் சுவருக்கு இந்த விலையை மறுபடி கொடுக்கவேண்டியதில்லை.

மேலும், பழைய ஓட்டு வீடு வெயிலை அறிந்து கட்டப்பட்டது. தடித்த சுவர் வெப்பத்தை மெல்லத்தான் உள்ளே விடும். சூடான காற்று ஓட்டிடுக்கு வழியாகவும் முற்றம் வழியாகவும் மேலேறிப் போய்விடும். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளமோ இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி ஓயாமல் சுற்ற, மின்கட்டணம் ஏறுகிறது. பழைய வீட்டைச் செப்பனிடுவதிலும் பக்குவம் வேண்டும். உடைந்த ஓட்டையும் உளுத்த வாரையையும் மாற்றலாம். மண்சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்னும். சுண்ணாம்புக் காரைதான் பொருந்தும். அதோடு கழிப்பறையும் பாதுகாப்பான மின்கம்பியும் சேர்ந்தால் இன்றைய குடும்பம் வாழும் வீடு தயார். இடியும் நிலையில் உள்ளவற்றைப் பொறியாளர் பார்த்து ஒதுக்கிவிடவேண்டும்.

பெரிய தடை கட்டடத்தில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது. பாகப்பிரிவினை ஆகாத வீட்டுக்கு நாலைந்து வாரிசுகள். ஒருவர் துபாயில், ஒருவர் கோவையில். 'குடிவைத்தால் காலிசெய்ய மாட்டார்கள்' என்ற அச்சம் வேறு. அந்த அச்சத்தை நியாயமானதாக ஏற்றுக்கொண்டுதான் திட்டம் தீட்டவேண்டும். வாரிசுகள் அனைவரும் ஒப்பினால், ஊராட்சியே பத்தாண்டுக்குப் பதிவுசெய்த குத்தகையாக வீட்டை எடுக்கட்டும். அரசு நிதியில் செப்பனிட்டு, மனையற்ற குடும்பங்களுக்கும் ஆலை ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் குறைந்த வாடகைக்கு விடட்டும். செலவை வாடகையில் கழித்துக்கொண்டு, தவணை முடிந்ததும் நல்ல நிலையில் வீட்டைத் திருப்பித் தரட்டும்.

இதற்கு முன்மாதிரி உண்டு. ஓராண்டுக்கு மேல் காலியாக உள்ள வீட்டைச் செப்பனிட, அயர்லாந்தில் உரிமையாளருக்கு வட்டியில்லாக் கடன் தந்து, உள்ளாட்சி மன்றம் அந்த வீட்டைக் குத்தகைக்கு எடுக்கிறது. இந்தியாவிலும் 2020-இல் வந்த மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்தின்கீழ், அரசு கட்டிக் காலியாகக் கிடந்த வீடுகள் சண்டிகரில் 2,195, சூரத்தில் 393 வாடகை வீடுகளாயின. நகரத்துக்குச் செய்ததை ஊருக்கும் செய்யமுடியும்.

முதல் வேலைக்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. ஊரில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, எத்தனை குடும்பம் வீடின்றித் தவிக்கிறது என்ற இரு பட்டியலையும் அடுத்த கிராம சபையில் ஒன்றாக வாசிக்கவேண்டும். பூட்டும் சாவியும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன என்பது அன்று எல்லோருக்கும் புரியும்.