மாலையும் பொன்னாடையும் கச்சேரி முடிந்த பிறகு

நவராத்திரி நெருங்கும்போதெல்லாம் இசை ஆசிரியர்களும் பக்கவாத்தியக் கலைஞர்களும் ஒரே குறையைச் சொல்கிறார்கள். கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரக் கோயில்களில் பாடப் போனால் எதிரே இருப்பவர்கள் கேட்பதில்லை. பேசுகிறார்கள், பாதியில் எழுந்து போகிறார்கள், மேடைக்கு முன்னால் பிள்ளைகள் ஓடுகிறார்கள், கைப்பேசி அலறுகிறது. தோட்டத்து மக்களுக்குக் கச்சேரி கேட்கும் பழக்கம் கிடையாது என்று அதோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். இந்த முடிவை இவ்விதழ் ஏற்கவில்லை. குறை உண்மைதான்; ஆனால் பழியைத் தவறான இடத்தில் சுமத்துகிறோம்.

அசையாமல் உட்கார்ந்து கேட்பதே தொன்றுதொட்ட மரபு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது அவ்வளவு பழையதல்ல. 1778 ஜூலையில் மொசார்ட் பாரிசிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதத்தில், தம் சிம்பொனியின் நடுவில் ஓர் இடம் வந்ததும் அவையோர் கைதட்டி ஆர்ப்பரித்ததை மகிழ்ச்சியோடு சொல்கிறார். அந்த இடம் அவர்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே கடைசியில் அதை மறுபடி கொண்டுவந்ததாகவும் எழுதுகிறார். இன்று அதே ஐரோப்பிய அரங்கில் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே கைதட்டினால் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள். நம் பக்கத்திலும் அமைதியாகக் கேட்கும் அரங்கு பின்னால் வந்ததுதான். சென்னை மியூசிக் அகாதெமி தோன்றியது 1928-ல். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் இன்றைய கச்சேரி முறையை அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் வகுத்து நிலைநிறுத்தியதும் சென்ற நூற்றாண்டில்தான். அதற்கு முன்னும் பின்னும் நாகஸ்வரம் தெருவில் ஒலித்தது. சுவாமி புறப்பாட்டில் மல்லாரி முடிந்து, திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்தால் ஊரே வீதியில் நின்று கேட்டது. அங்கே நாற்காலியும் இல்லை, அமைதி காக்கச் சொல்லும் அறிவிப்பும் இல்லை.

இந்த வட்டாரத்து மக்களும் அப்படிக் கேட்டு வளர்ந்தவர்களே. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் இங்கேதான், தென்னமரம் தோட்டத்தில், உருவானது. அதைச் சுற்றிப் பால்மரத் தோட்டங்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று நாள் முழுதும் உழைத்தவர்கள், திருவிழா வந்தால் விடிய விடிய உட்கார்ந்து நாடகம் பார்த்தார்கள். திடலில் திரை கட்டிப் படம் காட்டினால் கடைசிவரை நகரவில்லை. உறுமி மேளத்தைச் சுற்றி அரை மணி, ஒரு மணி நேரம் நின்ற இடத்திலேயே நிற்பவர்களை இன்றும் பார்க்கிறோம். தீபாராதனை நேரத்தில் பேசுகிறவர் யாரும் இல்லை. கெட்டிமேளம் ஒலித்த அந்தக் கணத்தில் கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கூட நிமிர்ந்து பார்க்கிறார். எப்போது கவனிக்க வேண்டும் என்பது இவர்களுக்கு நன்றாகவே தெரியும். தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிந்து, குடும்பங்கள் தாமான்களுக்குப் போன பிறகும் திருவிழாவுக்கு அதே கோயிலைத் தேடி வருகிறார்கள். நம் கச்சேரியில் அவர்கள் கவனம் ஏன் சிதறுகிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பாடகர் காம்போதியில் ஆலாபனை செய்துகொண்டிருக்கிறார். வயலின்காரர் பதில் சொல்லத் தொடங்கும்போது மேடை ஓரத்தில் ஒருவர் வந்து குனிந்து நிற்கிறார். ஒய்.பி. வந்துவிட்டாராம். ஆலாபனை அறுகிறது. ஒலிவாங்கி கைமாறுகிறது. மாலை, பொன்னாடை, உபயகாரர் பெயர்ப் பட்டியல், கோயில் நிர்வாகத்தின் நன்றி, பிறகு பிரமுகரின் உரை. எல்லாம் முடிந்து, மேடையில் சுருதிப் பெட்டி ஒலித்துக்கொண்டிருக்க, பிரமுகர் கிளம்புகிறார். அவரை வழியனுப்பப் பாதிக் கூட்டமும் கிளம்புகிறது. மிச்சமிருப்பவர்களை நோக்கி அந்த ராகத்தை எந்த இடத்திலிருந்து தொடர்வது? பின்வரிசையில் பேத்தியோடு பேசிக்கொண்டிருந்த பாட்டியையா இதற்கு மேல் குறை சொல்வது? பாட்டை நிறுத்தலாம் என்று மேடையிலிருந்தே ஊருக்குக் கற்றுக்கொடுத்தாயிற்று. சபை நாகரிகத்தின் பெரிய மீறல் இதுதான். அதைச் செய்பவர்கள் ஏற்பாட்டாளர்கள், ஏற்றுக்கொள்பவர்கள் நாம். நாகஸ்வரக் கலைஞர்களுக்கு நடப்பது இன்னும் மோசம். கீர்த்தனையின் நடுவே கையசைத்தால் நிறுத்த வேண்டும், மறுபடி அசைத்தால் தொடங்க வேண்டும் என்று மணியடிப்பது போல் அவர்களை நடத்துகிறார்கள்.

அடுத்தது ஒலி. பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கியையே எதிர்த்தவர்; மிருதங்கத்தின் நாதம் அதில் கெடுகிறது என்பதில் உறுதியாக இருந்தார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் தகரக் கூரை போட்ட மண்டபத்தில், நூறு பேருக்கு முன்னால், தவிலுக்கு எதற்கு ஒலிவாங்கி? ஒலியைக் கூட்டக் கூட்டப் பேசுகிறவர்களும் குரலை உயர்த்துகிறார்கள். ஒலியைக் குறைத்த மண்டபங்களில் பேச்சு தானாகத் தணிகிறது. இதை அடுத்த நிகழ்ச்சியிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போவது சென்னை சபாக்களிலேயே தீராத நோய். நம் வட்டாரத்தில் அது தீரக்கூடியது என்று நம்புகிறோம். இங்குள்ளவர்களுக்கு மிக நெருக்கமானது தாளம். உறுமிக்கும் தவிலுக்கும் உடம்பு தானாக அசைகிற ஊரில் மிருதங்கத்துக்குக் கூட்டம் கலைகிறது என்றால், அங்கே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை என்றுதான் பொருள். தனிக்கு முன் ஒரு நிமிடம் போதும். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு இரண்டு முறை தட்டும் வீச்சும். கூட்டத்தையே இரண்டு ஆவர்த்தனம் போடச் சொல்லுங்கள். சத்தமில்லாமல், தொடையில். கணக்கு எங்கெங்கோ போய்க் கோர்வையில் வந்து சேர்வதைத் தங்கள் கையாலேயே உணர்ந்தவர்கள் எளிதில் எழ மாட்டார்கள்.

ராகத்துக்கும் இங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழா வட்டார அளவில் தொடங்கி மாநிலம், தேசியம் என்று போகிறது. அதற்காகப் பண்ணோடு பாடிப் பழகிய பிள்ளைகள் நம் கோயில்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். பழம்பஞ்சுரம் தெரிந்த பிள்ளை சங்கராபரணத்தை ஏற்கெனவே பாடியிருக்கிறது. கௌசிகத்தில் தேவாரம் ஓதும் பிள்ளைக்குப் பைரவி அந்நியம் இல்லை. கச்சேரியில் அப்படியொரு ராகத்தை எடுக்கும் முன் அதற்குரிய பண்ணில் அமைந்த பதிகத்திலிருந்து ஒரு பாடலைப் பாடிக் காட்டுங்கள். பிள்ளை நிமிரும், பிள்ளையைப் பார்த்துத் தாயும் நிமிர்வார்.

இனி நம் வீட்டுக் குறை. நவராத்திரி மேடையில் பத்து மாணவர்கள் பாடினால், தன் பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் குடும்பத்தோடு காரேறிவிடுகிறார்கள். கடைசி மாணவி வெறும் பாய்களுக்குப் பாடுகிறாள். ஆசிரியர்களும் மேடைக்குப் பின்னால் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர் பாடுவதை உட்கார்ந்து கேட்காத வகுப்பிலிருந்து ரசிகர்கள் எப்படி வருவார்கள்? மங்களம் வரை இருப்பதும் பாடத்தின் பகுதி என்று ஆசிரியர் முதல் மாதமே பெற்றோரிடம் சொல்ல வேண்டும். பிள்ளையைப் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. பக்கவாட்டில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தால் முன்வரிசையை மறைக்க மாட்டார்கள். மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர்களை இரவு பதினொரு மணிவரை உட்கார வைத்துவிட்டு, எழுந்து போகிறார்கள் என்று வருந்துவதிலும் நியாயமில்லை. ஒன்றரை மணி நேரக் கச்சேரி, அன்னதானம் அதற்கு முன்போ பின்போ, நடுவில் இல்லை. இதைக் கோயில் நிர்வாகத்தோடு முன்கூட்டியே பேசிவிடலாம். பெரும்பாலான நிர்வாகத்தினர் நல்ல மனத்தோடு நடத்துகிறார்கள். யாரும் கேட்காததால் பழைய வழக்கத்திலேயே போகிறார்கள்.

ஆகவே கலைஞர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இவ்விதழின் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த நவராத்திரிக்கு அழைப்பு வந்தால், தேதிக்கும் சன்மானத்துக்கும் சம்மதம் சொல்லும்போதே, மாலை மரியாதையும் உரைகளும் கச்சேரிக்கு முன்போ மங்களத்துக்குப் பிறகோ மட்டும் இருக்கட்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மூத்த கலைஞர்கள் இதை முதலில் செய்ய வேண்டும். இளையவர்களால் தனியாகக் கேட்க முடியாது.