பந்தல் வீட்டுப் பெண்ணும் விலைப் படிப்பும்

சுருளிப்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் சென்ற மாதம் என்னிடம் யோசனை கேட்க வந்தார். மகள் பி.காம். முடித்திருக்கிறாள். மேற்கொண்டு 'டிஜிட்டல் பொருளாதாரம்' என்ற முதுகலைப் படிப்பில் சேர வேண்டும் என்கிறாளாம். "இது கம்ப்யூட்டர் படிப்பா, கணக்கு எழுதுற படிப்பாண்ணே? படிச்சுட்டு வந்து நம்ம பந்தலுக்கு என்ன பண்ணப்போறா?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. இரண்டு வருஷச் செலவுக்கு நகையை அடகு வைக்க வேண்டியவர் கேட்கத்தான் வேண்டும்.

அனுப்புங்கள் என்றே சொன்னேன். கணிப்பொறியும் செல்போனும் வந்தபின் சந்தையில் விலை எப்படி உருவாகிறது, அந்த லாபம் யார் கைக்குப் போகிறது என்று ஆராய்வதுதான் இந்தப் படிப்பு. இதற்கு நம் பள்ளத்தாக்கைவிட நல்ல பாடசாலை கிடையாது.

போடிநாயக்கனூர் ஏலக்கூடத்தைப் பாருங்கள். முன்பு வியாபாரிகள் வாய்விட்டு விலை கேட்டார்கள். 2007-ல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. இப்போது வியாபாரி கணிப்பொறி முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார், திரையில் விலை ஏறுகிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு குவியலுக்கு மூன்று வியாபாரிகள் போட்டியிடுகிறார்கள் என்று வையுங்கள். முதலாமவர் கிலோவுக்கு 1,000 ரூபாய் வரை போகத் தயார், அடுத்தவர் 900, மூன்றாமவர் 700. விலை எங்கே நிற்கும்? 1,000-ல் அல்ல. 900-ஐத் தாண்டியவுடன் இரண்டாமவர் விலகிவிடுவார், ஏலம் அங்கேயே முடிந்துவிடும். அந்த இரண்டாமவர் அன்று வராவிட்டால், அல்லது முதலாமவரோடு பேசி வைத்துக்கொண்டால், 700-க்குச் சற்று மேலே காய் போய்விடும். ஆக உங்கள் விலையைத் தீர்மானிப்பவர் வாங்குகிறவர் அல்ல, அவருக்கு அடுத்தபடியாக நிற்பவர். இந்தக் கணக்கை 1961-ல் எழுதிக் காட்டிய வில்லியம் விக்ரிக்கு 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஏல முறைகளை மேலும் ஆராய்ந்த மில்கிரம், வில்சன் என்ற இருவருக்கு 2020-ல் கிடைத்தது. போடியில் சரக்குப் போட்டவர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்த சங்கதிதான். ஆனால் அனுபவத்தை மனுவில் எழுதினால் அதிகாரி அசையமாட்டார். ஏலத்துக்கு ஏலம் எண்களை அடுக்கிக் காட்டினால் பதில் சொல்லியாக வேண்டும்.

வாங்கிய காயையே வியாபாரி மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவரும் 'ரீபூலிங்' பற்றி ஏல விவசாயிகள் பல காலமாகக் குறை சொல்லி வருகிறார்கள். வரத்து அதிகமாய்த் தெரிகிறது, விலை இறங்குகிறது என்பது அவர்கள் வாதம். பதிவேடுகளை வைத்து அதை நிரூபிக்கவோ மறுக்கவோ படித்த பிள்ளை ஒன்று வேண்டும்.

இன்னொன்று, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் என்று செய்தி வந்தது. அது அன்றைய உச்ச விலை. சராசரி அதைவிட வெகுவாகக் குறைவு. உச்சத்தைப் பார்த்துக் கடன் வாங்கிச் செடி வைத்தவர்கள், பின்னர் சராசரி ஆயிரத்துக்கும் கீழே இறங்கியபோது என்ன பாடுபட்டார்கள் என்று மலைக்குப் போய் வருகிறவர்களைக் கேளுங்கள்.

சரி, திராட்சைக்கு வருவோம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம்தான். ஆனால் அதற்குப் போடியைப் போல ஒரு திரை இல்லை. வியாபாரி தோட்டத்துக்கு வருகிறார், கொத்தைப் பார்க்கிறார், ஒரு விலை சொல்கிறார். இரண்டாவது ஆள் இல்லை. பழமோ காத்திருக்காது.

செல்போன் இதை மாற்றுமா? கேரளத்து மத்தி மீனில் மாற்றியது. 1997 ஜனவரி 14 அன்று வடகராவில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டினார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்றக் கரைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்ப இருந்தார்கள். செல்போன் வந்தபின் எந்தக் கரைக்குப் போவது என்று கடலிலிருந்தே கேட்டுக்கொண்டார்கள். மீனைக் கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் ஏறியது, மீன் விலை 4 சதவீதம் குறைந்தது. ராபர்ட் ஜென்சன் என்பவர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இது.

நம் திராட்சைக்கு அப்படியே நடக்கும் என்று நான் நம்பவில்லை. மீனவன் படகைத் திருப்பலாம், பந்தலைத் திருப்ப முடியாது. அதோடு மருந்துக்கும் கவாத்துக் கூலிக்கும் அந்த வியாபாரியிடமே முன்பணம் வாங்கியிருந்தால், மதுரையில் என்ன விலை என்று தெரிந்து என்ன பயன்? திரையா, முன்பணமா, வண்டியா, குளிர்சாதனக் கிடங்கா, எது விவசாயியைக் கட்டி வைத்திருக்கிறது என்று பிரித்துச் சொல்ல நம் ஊரில் ஆள் இல்லை. பெங்களூரில் உட்கார்ந்து செயலி செய்கிறவர்களுக்கு முன்பணம் என்பதே தெரியாது. பந்தலுக்கடியில் வளர்ந்த பெண்ணுக்குத் தெரியும்.

படிப்பு விஷயத்தில் சில எச்சரிக்கைகள். பெயரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். 'டிஜிட்டல்' என்று முன்னால் ஒட்டினால் கட்டணம் ஏறுகிறது, பாடம் ஏறுவதில்லை. புள்ளியியலும் ஏலக் கோட்பாடும் இருக்கிறதா என்று பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். 1993-ல் தொடங்கிய சென்னைப் பொருளியல் பள்ளி போன்ற இடத்தில் சாதாரணப் பொருளாதார முதுகலையே இதற்குப் போதும். வீட்டிலிருந்தே படிக்க இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பி.காம். படித்த பிள்ளைக்குக் கணிதம் இடிக்கும், ஆறு மாதமாவது முன்கூட்டியே தயாராக வேண்டும். இதை அந்தப் பெண்ணிடமே சொன்னேன், முகம் சுளித்தாள்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலையும் கொடுத்திருக்கிறேன். இந்த அறுவடையில் அப்பா விற்ற ஒவ்வொரு நடைக்கும் தேதி, எடை, வியாபாரி சொன்ன விலை, கைக்கு வந்த பணம், பிடித்தம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும், பக்கத்துத் தோட்டம் நான்கிலும் கேட்டு எழுத வேண்டும் என்று. மூன்று தோட்டக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். நான்காமவர், முன்பணம் வாங்கியவர், வியாபாரிக்குத் தெரிந்தால் வம்பு என்று மறுத்துவிட்டார்.